ஒலிப்பதிவின் இஸ்னாத்
வீட்டு அறையில் பதியப்படும் கிராஅத் நலிவடைவது ஏன்?

ஓதும் குரலைப் பதிந்து வைப்பது ஒரு காலத்தில் வானொலி நிலையங்களுக்கும் இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் மட்டுமே கைகூடிய காரியமாக இருந்தது. இன்று ஒரு கைப்பேசியும், சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஒலிவாங்கியும், ஒரு கணினியும் இருந்தால் வீட்டின் ஓர் அறையே பதிவுக்கூடமாகிவிடுகிறது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாள்களில் மக்தபுகளும் மத்ரஸாக்களும் பூட்டிக் கிடந்தபோது, உஸ்தாதுமார்கள் பலர் தத்தம் இல்லங்களிலிருந்தே பாடங்களைப் பதிந்து மாணவர்களுக்கு அனுப்பினர். அப்பழக்கம் ஊரடங்குடன் முடிந்துவிடவில்லை. ஹிஃப்ழு மாணவர்க்கான பாடங்கள், மூத்த ஆலிம்களின் கிராஅத், மவ்லிது, முனாஜாத்து என இன்றும் வீடுகளில் பதிவுகள் நடந்து வருகின்றன.

இப்பதிவுகளைக் கேட்போரிடமிருந்து எழும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: "சத்தம் போதவில்லை." பதிந்தவர் அதற்குச் செய்யும் பரிகாரமும் பெரும்பாலும் ஒன்றே: கணினியில் ஒலியளவைக் கூட்டிவிடுவது. அவ்வாறு கூட்டியவுடன், குரலோடு மின்விசிறியின் இரைச்சலும் அறையின் எதிரொலியும் தெருவின் சந்தடியும் சேர்ந்தே பெருகுகின்றன. குறை முன்பிருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்போது உரக்கக் கேட்கிறது, அவ்வளவே.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஓர் அறிவிப்பு ளயீஃப் எனத் தோன்றினால், அறிஞர்கள் அதன் இஸ்னாதை எடுத்துக்கொண்டு கண்ணி கண்ணியாக ஆராய்கின்றனர். சங்கிலி எங்கேனும் அறுந்துள்ளதா, ராவிகளில் எவரேனும் நினைவாற்றல் குன்றியவரா, வெளிப்பார்வைக்குத் தெரியாத இல்லத் ஏதும் மறைந்துள்ளதா என்று வினவுகின்றனர். மேற்கண்ணியில் நேர்ந்த பிழையைக் கீழ்க்கண்ணியில் இருப்பவர் எத்துணை நம்பகமானவராக இருந்தும் திருத்திவிட இயலாது. ஒலிப்பதிவுக்கும் இத்தகைய ஒரு சங்கிலி உண்டு. ஓதுபவரின் நாவிலிருந்து காற்று, அறை, ஒலிவாங்கி, கம்பி, பதிவுக் கருவி, மென்பொருள், சேமிப்புக் கோப்பு, இறுதியில் கேட்பவரின் செவி என்பது அதன் வரிசை. நலிந்த பதிவைச் செப்பனிட விரும்புவோர் இவ்வரிசையில் மேலிருந்து கீழாகவே ஆராய்ந்து வரவேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்து இழப்பே இழப்பு

பேச்சுப் பதிவொன்று சற்று மங்கலாக இருந்தால் பொருள் கெடுவதில்லை. கேட்பவர் சூழலைக் கொண்டு சொல்லை ஊகித்துக்கொள்கிறார். கிராஅத்தின் நிலை அதுவன்று. கற்கும் மாணவர் செவியில் விழுவதையே நாவில் ஏற்றுகிறார். ஊகத்திற்கு அங்கு இடமில்லை.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இதில் தனியானதொரு இடர்ப்பாடும் உண்டு. நாநுனியைப் பற்களிடையே வைத்து மெல்லென உரைக்கும் ஸாவும், கூர்மையாகச் சீறும் ஸீனும், நாவின் பின்புறத்தை உயர்த்திக் கனமாக உரைக்கும் ஸாதும் தமிழ் எழுத்தில் ஒரே 'ஸ' ஆகிவிடுகின்றன. தொண்டையின் நடுவிலிருந்து எழும் ஹாவும், அதன் அடியிலிருந்து எழும் ஹாவும் ஒரே 'ஹ' ஆகின்றன. நம் முன்னோர் அரபுத்தமிழ் என்னும் அர்வி எழுத்து முறையை வளர்த்தெடுத்ததால் கிட்டிய பயன்களுள் ஒன்று, மார்க்க நூல்களில் இவ்வெழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துபோகாமல் நின்றதாகும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியார்கள் அவ்வெழுத்திலேயே தமிழ் மக்களுக்கு மார்க்கம் உரைத்தனர். ஏட்டில் அவர்கள் காத்த வேறுபாட்டை ஒலிப்பதிவில் நாம் இழந்துவிடுதல் தகாது.

ஒலியியல் நோக்கில் இவ்வேறுபாடுகள் எங்கே உறைகின்றன என்பதை அறிந்தால் இழப்பின் தன்மை புலப்படும். ஆண் குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலும், பெண் குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 165 முதல் 255 ஹெர்ட்ஸ் வரையிலும் அமைகின்றன. குரலின் பலமும் இனிமையும் பெரும்பாலும் கீழ்ப்பகுதியைச் சார்ந்தவை. எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் குறிகளோ மேற்பகுதியில் உள்ளன. ஸீனின் சீறல் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் செறிந்திருக்கிறது. ஸாதின் கனம் அதனை அடுத்து வரும் உயிரொலியில், 1000 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் தெரிகிறது. தஜ்வீத் நூல்கள் ஹம்ஸு உடையவை என வகுக்கும் பத்து எழுத்துகளும் மூச்சோடு கலந்து மெல்லென வெளிப்படுபவை. குரல்நாண்களின் அதிர்வு அவற்றுக்குத் துணை நிற்பதில்லை. ஆகவே பதிவு நலிந்தால் முதலில் மறைபவை இவையே. பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. அதன் வழியே பேசிய சொற்கள் புரிந்தன. ஆனால் ஸாவையும் ஸீனையும் ஃபாவையும் வேறுபடுத்தி அறிவது எளிதாயிருக்கவில்லை.

கெய்ரோ தரும் பாடம்

வரலாற்றில் இதற்கு இரு சான்றுகள் உள. 1934 மே 31 அன்று எகிப்திய அரசு வானொலி தொடங்கப்பெற்றபோது ஷைக் முஹம்மது ரிஃப்அத் (1882–1950) அவர்களின் கிராஅத் ஒலித்தது. கண்பார்வை இழந்த அப்பெரியாரின் குரல் அரபுலகை ஆட்கொண்டது. எனினும் அவர் ஓதியவற்றுள் இன்று நமக்குக் கிடைப்பது சிறு பகுதியே. அதிலும் பெரும்பாலானவை, வானொலியில் ஒலித்தபோது அன்பர்கள் தம் இல்லங்களில் தகடுகளில் பதிந்து வைத்தவை. அவ்வன்பர்கள் இல்லையேல் அதுவும் நமக்குக் கிட்டியிராது. ஆயினும் அப்பதிவுகளில் இரைச்சல் மிகுதி. பின்வந்தோர் செப்பனிட முயன்றும் பதியப்படாத ஒலியை மீட்க எவராலும் இயலவில்லை.

மற்றொன்று, லபீப் அஸ்ஸயீத் என்னும் எகிப்திய அறிஞர் 1959இல் முன்வைத்த திட்டம். குர்ஆன் முழுவதையும் ஒலிவடிவில் தொகுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அதன்படி ஷைக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி (1917–1980) அவர்கள் ஹஃப்ஸு ரிவாயத்தில் முழுவதையும் தர்தீலாக ஓத, அறிஞர்களின் மேற்பார்வையில் பதியப்பெற்று 1961இல் வெளிவந்தது. அன்றைய கருவிகள் இன்று நம் வீட்டில் உள்ளவற்றைவிட நுட்பமானவை அல்ல. இருப்பினும் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் தஜ்வீத் பயில்வோர் அப்பதிவையே கேட்டுப் பாடம் சரிபார்க்கின்றனர். ஓதுபவர் அமர்ந்த இடம், ஒலிவாங்கியின் நிலை, அறையின் அமைதி ஆகிய தொடக்கக் கண்ணிகள் ஒழுங்காக இருந்தமையே இதன் காரணமாகும்.

நலிவு மூவகை

ஆராயத் தொடங்குமுன் நலிவின் வகையை இனங்காண வேண்டும். பதிவைக் காதணி ஒலிபெருக்கியில், அதாவது ஹெட்போனில், கேட்டு ஒலியளவை நன்கு உயர்த்துக. குரல் தெளிவாகவும் பின்னணி அமைதியாகவும் இருந்தால், அது வெறும் அளவுக் குறைவு. எளிதில் தீரும். குரலுடன் இரைச்சலோ எதிரொலியோ கூடவே உயர்ந்தால், குரலுக்கும் இரைச்சலுக்கும் இடைப்பட்ட விகிதம் குறைந்துள்ளது என்று பொருள். இதுவே பரவலாகக் காணப்படும் நோய். குரல் உரக்கக் கேட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக இருந்தால், மேற்பகுதி ஒலிகள் வழியில் எங்கோ தடைப்பட்டுள்ளன. முதல் வகையைப் பதிந்த பின்னரும் திருத்தலாம். மற்ற இரண்டையும் பதியுமுன்பே திருத்தியாக வேண்டும்.

முதற்கண்ணி: ஓதுபவர்

பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குப் பழகியவர்கள் வீட்டு அறையில் அமர்ந்ததும் தம்மையறியாமல் குரலைத் தாழ்த்திவிடுகின்றனர். அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகுமோ என்னும் கூச்சமும் அதற்குக் காரணம். குரல் தாழும்போது ஹம்ஸு எழுத்துகள் மேலும் தேய்கின்றன. பத்துப் பேர் கொண்ட வகுப்பில் ஓதும் அளவுக்குக் குரல் எழும்பினாலே போதும்.

தரையில் வைத்த முஸ்ஹஃபைக் குனிந்து பார்த்து ஓதுவதும் ஒரு தடை. தலை கவிழ்ந்தால் தொண்டை குறுகுகிறது. வாயிலிருந்து எழும் ஒலி தரைவிரிப்பை நோக்கிச் செல்கிறது. ரெஹலை ஓர் உயரமான மணைமீது வைத்து, பார்வை நேராக இருக்கும்படி செய்தால் இக்குறை நீங்கும். தராவீஹ் நாள்களில் குரல் களைத்திருக்கும்போது பதிவதைத் தவிர்ப்பது நல்லது.

இரண்டாம் கண்ணி: தூரமும் திசையும்

வீட்டுப் பதிவுகளின் நலிவுக்குத் தூரமே முதற்காரணம். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலுள்ள தூரம் இருமடங்கானால், நேரே வந்து சேரும் குரல் 6 டெசிபல் குறைகிறது. அஃதாவது ஒலியழுத்தம் பாதியாகிறது. அறையின் இரைச்சலோ எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. மூன்றடி தொலைவில் இருந்த ஒலிவாங்கியை ஒரு சாண் தொலைவுக்கு, அதாவது முக்கால் அடிக்குக் கொணர்ந்தால் குரல் 12 டெசிபல், ஒலியழுத்தத்தில் நான்கு மடங்கு, உயர்கிறது. இரைச்சல் உயர்வதில்லை. விலையுயர்ந்த எக்கருவியும் இதற்கு ஈடான பலனை இத்துணை எளிதாகத் தருவதில்லை.

எனவே ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை உகந்த தூரம் எனக் கொள்ளலாம். உதட்டோடு ஒட்டி வைத்தலும் பிழையே. திசை உணரும் ஒலிவாங்கிகள் மிக நெருங்கிய குரலின் கீழ்ப்பகுதியை மிகைப்படுத்துவதால் எழுத்துகள் குழம்புகின்றன; பா எழுத்தின் காற்று மோதி வெடியோசை எழுகிறது. ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், மூக்கின் உயரத்தில் வைத்து, வாயை நோக்கிச் சாய்த்தால் காற்று விலகிச் செல்லும், முஸ்ஹஃபும் மறையாது.

சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு ஒலிவாங்கியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸீன், ஷீன் போன்றவற்றின் உச்ச ஒலிகள் வாய்க்கு நேரே முன்னோக்கிச் செல்பவை; கீழ்நோக்கி மிகுதியாக வளைவதில்லை. தாடிக்கும் தோளில் கிடக்கும் துண்டுக்கும் அடியில் அவ்வொலிவாங்கி மறைந்துவிட்டால் குரல் கிட்டும். எழுத்தின் கூர்மை கிட்டாது.

இனி, திசை. உருளை வடிவான பெரிய கண்டென்ஸர் ஒலிவாங்கிகளுள் பல, உச்சியால் கேட்பவை அல்ல, பக்கத்தால் கேட்பவை. அதிலும் ஒரு பக்கம் மட்டுமே செவி. மறுபக்கம் ஏறத்தாழச் செவிடு. கையில் பிடிக்கும் ஒலிவாங்கிக்குப் பழகியவர் உச்சியை நோக்கியோ பின்புறத்தை நோக்கியோ ஓதிவிட்டுக் கருவியைக் குறை கூறுவதுண்டு. இதனைச் சோதிக்க ஒரே ஆயத்தை ஒரே தூரத்திலிருந்து நான்கு பக்கமும் ஓதிப் பதிந்து ஒப்பிட்டால் ஐயம் அகலும்.

மூன்றாம் கண்ணி: அறை

நம் வீடுகளின் சிமெண்டுச் சுவரும் ஓட்டுத் தரையும் காரைக் கூரையும் ஒலியை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகின்றன. அவ்வாறு திரும்பிய ஒலி சற்றே தாமதித்து வந்து மூல ஒலியோடு கலக்கும்போது ஓரெழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலையை மூடுகிறது. பள்ளிவாசல் குவிமாடத்தின் கீழ் இனிமை தரும் அதே எதிரொலி பாடப் பதிவில் மத்தின் அளவையும் வக்ஃபின் எல்லையையும் மறைக்கிறது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பருத்தி மெத்தை, கம்பளம், ஜமுக்காளம், கிதாபுகள் நிறைந்த அலமாரி ஆகியவை உள்ள படுக்கையறை, காலியான கூடத்தைவிட மேலானது. ஓதுபவரின் பின்புறச் சுவரில் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிடுவது பெரிதும் உதவும். ஒலிவாங்கி ஓதுபவரை நோக்கியிருக்கையில் அச்சுவரையே அது பார்த்துக்கொண்டிருக்கிறது. வெறும் மேசைமீது ஒலிவாங்கியை வைத்தால் மேசைப்பலகையில் பட்டுத் தெறிக்கும் ஒலி குரலைக் குழப்பும். ஒரு துண்டை மடித்து விரித்தால் அது தணியும்.

மின்விசிறி, குளிர்சாதனம், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றைப் பதியும் நேரம் மட்டும் நிறுத்திவைக்க வேண்டும். ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின்னுள்ள நேரம் தெரு அமைதியாகவும் வெப்பம் குறைவாகவும் இருப்பதால், விசிறியின்றி அமர ஏற்றது.

நான்காம் கண்ணி: ஒலிவாங்கியும் கம்பியும்

டைனமிக் வகை ஒலிவாங்கிகள் இயல்பாகவே மென்மையான மின்குறியைத் தருபவை. 1966 முதல் விற்பனையிலுள்ள ஷூர் எஸ்எம்58, 1 பாஸ்கல் ஒலியழுத்தத்திற்கு 1.85 மில்லிவோல்ட் அளவே தருகிறது. கண்டென்ஸர் வகையில் பல 10 முதல் 25 மில்லிவோல்ட் வரை தருகின்றன. ஆகவே டைனமிக் ஒலிவாங்கியைக் கணினியின் சிறு துளையில் நேரே செருகினால் குரல் நலிந்தே கேட்கும். அதனைப் பெருக்கித் தரும் முன்பெருக்கி உடைய ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் இடைக்கருவி வேண்டும்.

கண்டென்ஸர் ஒலிவாங்கிக்கு வேறொரு தேவை உண்டு. அது 48 வோல்ட் மின்னழுத்தத்தைக் கம்பி வழியாகவே பெற்று இயங்குகிறது. இடைக்கருவியில் 48 எனக் குறித்த பொத்தானை அழுத்த மறந்தால் ஒலி அறவே வராது. அல்லது ஆழ்கிணற்றிலிருந்து வருவதுபோல் வரும். யுஎஸ்பி வகை ஒலிவாங்கிகளுக்கு இத்தொல்லை இல்லை. சில ஒலிவாங்கிகளில் உரத்த ஒலியைத் தணிப்பதற்கென 10 அல்லது 20 டெசிபல் குறைக்கும் விசை இருக்கும். துடைக்கும்போது அது நகர்ந்துவிடுவதுண்டு. ஒலிவாங்கியை 'லைன்' எனக் குறித்த துளையில் செருகுவதும் இதே விளைவைத் தரும்.

மறைவான இல்லத் எனத் தகும் குறை ஒன்றும் இங்கு உண்டு. பதிவு ஹெட்போனில் நன்கு கேட்கிறது. அதே பதிவு கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் தேய்ந்து மறைகிறது. காரணம் இது: மூன்று முனையுள்ள ஒலிவாங்கிக் கம்பியில் ஒரே ஒலி நேராக ஒரு தந்தியிலும் தலைகீழாக மற்றொரு தந்தியிலும் செல்கிறது. பொருந்தாத மாற்றிச் செருகி அவ்விரண்டையும் இடம், வலம் எனப் பிரித்துப் பதிந்துவிடுகிறது. கைப்பேசி அவ்விரண்டையும் கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மென்பொருளில் ஒரு தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினால் குரல் முழுமையாக மீளும். இதனை அறியாது நல்ல பதிவுகளைப் பழுதென எறிந்தோர் உண்டு.

ஐந்தாம் கண்ணி: பதிவளவு

கணினியின் அளவுமானியில் 0 என்பது உச்ச எல்லை. அதனைத் தாண்டிய ஒலி வெட்டுண்டு கரகரக்கும். அவ்வாறு சிதைந்ததை மீட்பது அரிது. ஆகவே முழுக்குரலில் ஓதும் இடங்களில் முள் –12 முதல் –6 டெசிபல் வரை எட்டுமாறு கெயின் குமிழை வைத்துக்கொண்டால் போதும். சோதிக்கும்போது மெல்ல ஓதிவிட்டு, பதியும்போது குரல் உயர்த்துவது பலரிடம் காணும் வழக்கம். சூராவின் மிக உயர்ந்த இடத்தை ஓதியே அளவைச் சரிபார்க்க வேண்டும்.

அளவு சற்றுக் குறைந்துவிட்டதே என்று அஞ்சவும் வேண்டியதில்லை. 16 பிட் பதிவின் வீச்சு 96 டெசிபல். 24 பிட் பதிவின் வீச்சு கோட்பாட்டளவில் 144 டெசிபல். அமைதியான அறையில், அருகிருந்து, 24 பிட்டில் பதிந்த குரல் தாழ்ந்திருந்தாலும் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். தூரத்திலிருந்து பதிந்ததை அவ்வாறு உயர்த்தவியலாது.

ஆறாம் கண்ணி: தானியங்கித் திருத்தங்கள்

இக்காலத்தில் மிகுதியும் ஏமாற்றும் கண்ணி இதுவே. கைப்பேசிகளும் காணொலி உரையாடல் செயலிகளும் இரைச்சலைத் தாமே நீக்குமாறு அமைக்கப்பட்டுள்ளன. அவை சாதாரணப் பேச்சை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. ஒரே சீராக நீளும் ஒலியை விசிறியின் ஓசைபோல் கருதி அவை அமுக்கிவிடுவதுண்டு. கிராஅத்தில் ஒரே சீராக நீள்பவை எவை? ஆறு ஹரகத் நீளும் மத்து லாஸிமும், மூக்கில் நிற்கும் குன்னாவும் அல்லவா! ஆகவே மத்தின் பிற்பகுதி தேய்கிறது. குன்னா நடுவில் நலிகிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழான ஒலியை அடைத்துவிடும் அமைப்பு இருந்தால், வக்ஃபின்போது மெல்லென முடியும் ஹாவும் கல்கலாவின் அதிர்வும் அறுபடுகின்றன. மாணவர் அதனையே முன்மாதிரியாகக் கொண்டால், பிழை அவருடையதாகாது.

இதற்குப் பரிகாரம், உரையாடல் செயலி வழியே பதியாமல் தனியான பதிவுச் செயலியில் பதிவது. இரைச்சல் நீக்கம், தானியங்கி அளவுக் கட்டுப்பாடு ஆகியவற்றை நிறுத்திவிடுவது. நேரலைப் பாடம் தவிர்க்கவியலாதெனில், மூல ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பு அச்செயலியில் இருப்பின் அதனைத் தெரிவுசெய்து கொள்ளலாம்.

பதிந்த பின் செய்யத்தக்கவை

இவ்வாறு தொடக்கக் கண்ணிகள் சீரானபின் மென்பொருளுக்கு உரிய பணி சிறிதே. ஒடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதுமானது. முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை வடிகட்டலாம். நம் நாட்டு மின்னோட்டத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் வண்டிகளின் அதிர்வும் அதில் அகலும். இரைச்சல் நீக்கம் தேவைப்படின், ஓதத் தொடங்குமுன் பத்து வினாடி மௌனமாக இருந்து பதிந்த பகுதியை மாதிரியாகக் கொடுத்து, மிகக் குறைவாகவே செய்ய வேண்டும். செய்தபின் ஹம்ஸு எழுத்துகள் உள்ள ஓர் ஆயத்தை முன்னும் பின்னும் ஒப்பிட்டுக் கேட்க. ஸா மறைந்திருந்தால் அத்திருத்தத்தைக் கைவிடுக.

உயர்ந்த ஒலிக்கும் தாழ்ந்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கும் கம்ப்ரஷன் என்னும் முறையை 2:1 அளவில் மென்மையாகக் கையாளலாம். ஈற்றில் உச்சம் –3 டெசிபலை எட்டுமாறு முழுப்பதிவையும் உயர்த்தினால் கேட்பதற்குப் போதுமான பலம் கிட்டும்.

மூலப்பதிவைச் சுருக்காத வேவ் வடிவில் வைத்திருப்பது கடமை எனலாம். 48,000 மாதிரி வீதத்தில், 24 பிட்டில், ஒற்றைத் தடப் பதிவு நிமிடத்திற்கு 8.64 மெகாபைட் இடம் கொள்ளும். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 518 மெகாபைட். இன்றைய சேமிப்பகங்களுக்கு இது பாரமன்று. பகிர்வதற்கென்று சுருக்கிய நகலை வேறாக எடுத்துக்கொள்ளலாம். கைமாறிக் கைமாறி மீண்டும் மீண்டும் சுருங்கி வரும் பதிவு, நினைவு குன்றிய ராவிகள் பலர் வழியே வந்த செய்தியைப் போன்றது.

நாம் கண்டது

இவற்றை நாம் நூலறிவாக மட்டும் எழுதவில்லை. எண்பது வயதைக் கடந்த உஸ்தாத் ஒருவர், தம் ஆசிரியரிடம் செவிவழி பெற்ற முறையில் முப்பதாவது ஜுஸ்உவை ஓதித் தர இசைந்தார்கள். அவர்களின் இல்லத்திலேயே மாணவர் ஒருவர் பதிந்து வந்தார். ஜுஸ்உவின் முற்பாதி முடிந்தபோது கேட்டுப் பார்த்தோம். குரல் எங்கோ தொலைவில் ஒலித்தது. முதுமையால் குரல் நலிந்துவிட்டது என்றே அனைவரும் எண்ணினோம். உஸ்தாதிடம் சற்று உரக்க ஓதுமாறு கேட்கவும் நாணினோம்.

பின்னர் கண்ணி கண்ணியாகப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஒலிவாங்கி மூன்றடி தள்ளி இருந்தது. அதன் பின்புறம் உஸ்தாதை நோக்கியும் முன்புறம் வெறுஞ்சுவரை நோக்கியும் இருந்தன. தலைக்கு மேல் விசிறி சுழன்றுகொண்டிருந்தது. பதிந்த செயலியோ இரைச்சலைத் தானே நீக்குவது. ஒலிவாங்கியைத் திருப்பி ஒன்றரைச் சாண் தூரத்தில் வைத்தோம், விசிறியை நிறுத்தினோம், செயலியை மாற்றினோம். அடுத்த அமர்வில் அதே குரல் ஒவ்வோர் எழுத்தின் மக்ரஜும் தெரிய ஒலித்தது. நலிந்திருந்தது உஸ்தாதின் குரலன்று.

பிற்பாதி முழுவதும் அவ்வாறு பதிவாயிற்று. முற்பாதியைத் திரும்ப ஓதுவதாக வாக்களித்திருந்தார்கள். அதற்குள் அவர்களின் அஜல் வந்துவிட்டது. இன்று அந்த ஜுஸ்உவின் ஒரு பாதி மாணவர்களுக்குப் பாடமாகப் பயன்படுகிறது. மறுபாதி நினைவுப் பொருளாக மட்டும் உள்ளது. அந்நிகழ்வுக்குப் பின் இரு வழக்கங்களைக் கைக்கொண்டோம். முதல் அமர்வின் முதல் ஐந்து நிமிடத்தை உடனே ஹெட்போனில் கேட்டபின்பே தொடர்வது ஒன்று. ஒலிவாங்கியின் அருகே ஒரு கைப்பேசியையும் தனியே பதியவிட்டு, முதற்பதிவுக்கு ஒரு முதாபிஃ ஆக வைத்துக்கொள்வது மற்றொன்று.

ஒவ்வோர் ஊரிலும் முதிய காரிகளும், மார்க்கப் பாடல்களைப் பழைய இராகத்தோடு அறிந்த மூதாட்டியரும் இன்னும் உள்ளனர். அவர்களின் குரலைப் பதியச் செல்வோர் கருவியின் விலையைப் பற்றிக் கவலையுறுவதைவிட, அது நிற்கும் இடத்தையும் திசையையும் அறையையும் முதலில் நோக்கட்டும். நம்மிடம் ஓதித் தருபவர் ஓர் அமானிதத்தை ஒப்படைக்கிறார். அதனை முழுமையாகப் பெற்று அடுத்தவரிடம் சேர்க்கும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.